‘ஒருமித்த நாடு’ என்றால் யார் ஒருமித்தது?

2017 செப்டம்பர் 21 அன்று இலங்கையின் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வெளியானது. அதில் ஒரு வாக்கியம் மட்டும் மூன்று மொழிகளில் மூன்று விதமாக இருந்தது. நாட்டின் இயல்பைச் சொல்ல சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றார்கள். தமிழில் ‘ஒருமித்த நாடு’. ஆங்கிலப் பிரதியில் ஆங்கிலச் சொல்லே இல்லை. சிங்களச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு போட்டிருந்தார்கள்.

‘ஏக்கிய’ என்பது 1972 முதல் சிங்களப் பிரதியில் இருந்துவரும் அதே சொல். தமிழ்ப் பிரதியில் அதற்கு நேராக இருந்தது ‘ஒற்றையாட்சி’, அதாவது இறுதி அதிகாரம் மத்தியிலேயே இருக்கும் ஆட்சி. ஆக, சிங்களத்தில் படித்தவருக்கு எதுவும் மாறவில்லை, தமிழில் படித்தவருக்கு ஒற்றையாட்சி போய்விட்டது. தெற்கில், தமிழ்ச் சொல்லுக்குள் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, ஒளிந்திருக்கிறது என்று கூச்சல் எழுந்தது. வடக்கில், சிங்களச் சொல் அப்படியே இருக்க நமக்கு மட்டும் பெயர்ப்பலகையை மாற்றிக் காட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். தெற்கின் மக்கள் ‘சமஷ்டி’ என்ற சொல்லுக்கும் வடக்கின் மக்கள் ‘ஒற்றையாட்சி’ என்ற சொல்லுக்கும் அஞ்சுகிறார்கள் என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2016 ஜனவரியில் பாராளுமன்றத்தில் சொன்னதையும் அந்த அறிக்கையே எடுத்துக் காட்டியிருந்தது.

இத்தனை சத்தத்தில் பலர் படிக்காமல் விட்டது, அந்தச் சொல்லுக்கு அறிக்கை கொடுத்த வரைவிலக்கணத்தை. பிரிக்கப்படாத, பிரிக்கவும் முடியாத நாடு; அரசியலமைப்பைத் திருத்தவோ நீக்கவோ உள்ள அதிகாரம் பாராளுமன்றத்திடமும் மக்களிடமுமே இருக்கும். அவ்வளவுதான். நீதிமன்றம் நாளை பொருள்கொள்ளப்போவது இந்த வரைவிலக்கணத்தை வைத்துத்தான். ஆனால் அரசியலமைப்பை எழுதுகிறவர்கள் நீதிபதிகளுக்காக மட்டும் எழுதுவதில்லை. அதை யாரோ ஏற்க வேண்டும். ஏற்பவர் யார், எத்தனை பேர், எப்படி எண்ணுவது என்ற கேள்விதான் அந்தச் சாய்கோட்டைப் போட வைத்தது. இலங்கையின் அரசியலமைப்புச் சண்டைகளை உறுப்புரை உறுப்புரையாகப் படிப்பதைவிட இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தால் கதை தெளிவாக விளங்கும் என்பது என் எண்ணம்.

முதலில் கட்டிடம் மாறிய கதை.

1948இல் சுதந்திரம் கிடைத்தபோது நாட்டில் இருந்தது சோல்பரி அரசியலமைப்பு. அதன் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்றது. இது சிறுபான்மையினருக்கான கவசம் என்று சொல்லப்பட்டது. நடைமுறையில் அது எவ்வளவு மெல்லிய கவசம் என்பதை மலையகத் தமிழர்கள் உடனேயே கண்டார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தில் பிழை இல்லை என்று, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் தீர்த்தது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தையும் அந்தப் பிரிவு தடுக்கவில்லை.

ஆனாலும் கவசம் கொழும்பின் ஆட்சியாளர்களை உறுத்திக்கொண்டே இருந்தது. 1964இல் வேறொரு வழக்கில் பிரிவி கவுன்சில், 29ஆம் பிரிவின் இந்தப் பாதுகாப்புகள் மாற்றவே முடியாதவை என்று போகிற போக்கில் எழுதிவைத்தது. அரச ஊழியர் கோடீஸ்வரன் மொழிச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் வென்று, மேலே போய், 1969இல் லண்டனிலிருந்து திரும்பி வந்து நின்றது. சட்டத்தின் வழியே போனால் சோல்பரியிலிருந்து முழுவதுமாக வெளியேற முடியாது என்று இடதுசாரிச் சட்டவல்லுநர்கள் முடிவு செய்தார்கள். அப்படியானால் சட்டத்துக்கு வெளியே போக வேண்டும்.

1970 மே தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் மூன்றில் இரண்டுக்கு மேல் வென்றது. புதிய அரசியலமைப்புக்கு ஆணை கேட்டே அது தேர்தலில் நின்றது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று அதே பாராளுமன்ற உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டிடத்தில் கூடாமல் கொழும்பு றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்தில் கூடினார்கள். ஆட்கள் அதே ஆட்கள். கூரை மட்டும் வேறு. சோல்பரி தந்த அதிகாரத்தால் தாங்கள் கூடவில்லை, மக்கள் தந்த அதிகாரத்தால் அரசியல் நிர்ணய சபையாகக் கூடியிருக்கிறோம் என்று காட்டுவதற்குத்தான் இந்த இடமாற்றம். சட்டவியலில் இதைப் புரட்சி என்றே சொல்வார்கள், ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத புரட்சி. இந்தியா 1950இல் தன் கடைசி உறுப்புரையில் பிரித்தானியச் சுதந்திரச் சட்டத்தையே நீக்கிச் சாதித்ததை, இவர்கள் ஒரு பள்ளி மண்டபத்துக்கு நடந்து போய்ச் சாதித்தார்கள்.

தமிழரசுக் கட்சியும் அந்த மண்டபத்துக்குப் போனது. பகிஷ்கரிப்பு என்ற சொல்லோடு மட்டும் 1972ஐ நினைவுகூர்கிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். செல்வநாயகத்தின் கட்சி ஒரு சமஷ்டி வரைவை வைத்தது. இலங்கை ஒற்றையாட்சி அரசு என்ற அடிப்படைத் தீர்மானம் வந்தபோது உடுவில் உறுப்பினர் தர்மலிங்கம் திருத்தம் கொண்டுவந்து பேசினார். சமஷ்டிக்கு அரசுக்கு ஆணை இல்லை என்றால், கச்சேரி எனப்படும் மாவட்ட அரச நிர்வாக அலுவலக முறையையாவது ஒழித்து, மக்கள் தெரிவுசெய்யும் அமைப்புகளுக்கு அதிகாரத்தைக் கொடுங்கள் என்று இறங்கியும் வந்தார். அரசாங்க அதிபரின் கச்சேரியை ஒழிப்பது ஒரு தனிநாட்டுக் கோரிக்கையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதுகூட ஏற்கப்படவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ‘ஒற்றையாட்சி’ என்ற சொல் முதலில் எழுதிய வரைவில் இருக்கவேயில்லை என்றும், அதைச் சேர்க்க வைத்தவர் அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க என்றும் அக்காலத்தில் நீதி அமைச்சின் செயலாளராக இருந்த நிகால் ஜயவிக்ரம பின்னாளில் எழுதியிருக்கிறார். சோல்பரி அரசியலமைப்பும் நடைமுறையில் ஒற்றையாட்சிதான், ஆனால் அப்படியொரு சொல் அதில் எங்கும் இல்லை. இல்லாமலே 24 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஒருமுறை எழுதிவிட்ட பிறகோ, அதை எடுப்பது நாட்டைப் பிரிப்பதற்குச் சமம் என்றாகிவிட்டது.

மொழித் தீர்மானத்திலும் தமிழரசுக் கட்சியின் திருத்தங்கள் தோற்றன. 1971 ஜூனில் அது சபையை விட்டு வெளியேறியது. வரைவுக்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்துப் பேசியபோது, இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு என்று எச்சரித்த அதே சமசமாஜத் தலைவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, சிங்களத்தை அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே பதித்து, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, 29ஆம் பிரிவை ஓசையின்றி இறக்கிவிட்ட ஆவணத்துக்கு அவரே தலைமை தாங்கினார். தனி மனிதரின் துரோகம் என்று இதைச் சுருக்கிவிட நான் விரும்பவில்லை. கூட்டணி அரசில் 19 ஆசனங்கள் வைத்திருந்த கட்சிக்கு 91 ஆசனங்கள் வைத்திருந்த கட்சி எல்லையை வரைந்து கொடுத்தது, அவர் அதற்குள் நின்று வேலை செய்தார்.

1972 மே 22 அன்று குடியரசு பிறந்தது. ஐக்கிய தேசியக் கட்சியும் எதிர்த்து வாக்களித்தது. மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வசதி மட்டும் சத்தமில்லாமல் உள்ளே வந்தது: 1970இல் தெரிவான உறுப்பினர்கள் புதிய தேசிய அரசுப் பேரவையின் உறுப்பினர்களாகி, அன்றிலிருந்து மேலும் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். 1975இல் வரவேண்டிய தேர்தல் 1977க்குப் போயிற்று. அரசியலமைப்பு எழுதுகிறவர்களே அதன் முதல் பயனாளிகளாகவும் இருக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

செல்வநாயகம் இன்னொரு வழியில் வாக்கெடுப்பு நடத்தினார். 1972 அக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, இந்த அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தலில் பார்த்துவிடலாம் என்றார். இடைத்தேர்தலை அரசு 1975 பிப்ரவரி வரை இழுத்தடித்தது. நடந்தபோது பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஓர் ஆண்டு கழித்து, 1976 மே 14 அன்று, வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. நவரங்கஹலவுக்குச் சமஷ்டி வரைவோடு போனவர்கள் ஆறே ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் இது. ஒற்றையாட்சிச் சொல் இல்லாதிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், பொருளாதார நெருக்கடி, 1971 கிளர்ச்சிக்குப் பிந்திய அவசரகாலச் சட்டம் எல்லாம் சேர்ந்த காலம் அது. ஆனாலும் அரசியலமைப்பு, இசைவு பெறக் கிடைத்த ஒரு வாய்ப்பை எடுத்து விலக்கலின் சான்றாக மாற்றிக் கொடுத்தது.

1978 பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் கதையின் எலும்புக்கூடு அதேதான். 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ பாதி வாக்குகளை வைத்துக்கொண்டு 168 ஆசனங்களில் 140ஐ எடுத்தது. ஆறில் ஐந்து பங்கு. இம்முறை மண்டபம்கூடத் தேவைப்படவில்லை; பாராளுமன்றத் தெரிவுக்குழுவே எழுதியது. எதிர்க்கட்சித் தலைவராக அமிர்தலிங்கம் இருந்தும் தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தக் குழுவில் பங்கேற்கவில்லை. செப்டம்பர் 7 அன்று புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமைகளை உயர் நீதிமன்றத்தில் வழக்காட வைத்ததும், தமிழைத் தேசிய மொழி என்றதும் 1972ஐவிட முன்னேற்றம்தான், அதை மறுக்க வேண்டாம். சில மாதங்களுக்கு முன்பே ஒரு திருத்தத்தின் வழியே வந்திருந்த நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையும் அதில் நிலைபெற்றது.

ஜே.ஆரின் சாமர்த்தியம் கதவைத் திறந்ததில் இல்லை, உள்ளே வந்தபின் பூட்டியதில் இருக்கிறது. விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்ததால், இனி எந்தக் கட்சிக்கும் மூன்றில் இரண்டு எளிதில் கிடைக்காது. அதற்கு மேல் 83ஆம் உறுப்புரை என்றொரு பூட்டு. ஒற்றையாட்சி, பௌத்தத்தின் இடம், இறைமை, தேசியக் கொடி, கீதம் போன்ற சிலவற்றைத் தொட வேண்டுமானால் மூன்றில் இரண்டு மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். எந்த வாக்கெடுப்பையும் சந்திக்காமல் பிறந்த அரசியலமைப்பு, தன்னை மாற்ற வருகிறவர்களிடம் மட்டும் வாக்கெடுப்பைக் கேட்கிறது.

அந்தச் சர்வஜன வாக்கெடுப்பு இலங்கையின் வரலாற்றில் ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது. 1982 டிசம்பர் 22. கேட்கப்பட்ட கேள்வி, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டலாமா என்பது. நாடு முழுவதும் எண்ணியபோது 54.66 சதவீதம் ஆம் என்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மிகப் பெரும்பாலானோர் இல்லை என்றார்கள். இரண்டும் ஒரே பெட்டிக் கணக்கில் கரைந்துபோயின. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 முடியும்வரை இருந்தது. ‘மக்களிடமே கேட்டுவிடுவோம்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாக்கெடுப்புத்தான்.

பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்பது 1987இல் தெரிந்தது. மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆவது திருத்தம் ஒற்றையாட்சியைத் தொடுகிறதா, ஆகவே சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமா என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் ஆராய்ந்தது. ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள், நான்கு பேர் வேண்டும் என்றார்கள். ஒரு நீதிபதி மாறியிருந்தால் மாகாண சபைகளே இல்லை. அந்த ஐந்து பேரின் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு விலையும் இருந்தது: மாகாணங்களின் அதிகாரம் கொழும்புக்குக் கீழ்ப்பட்டது என்பதாலேயே இது ஒற்றையாட்சிக்கு முரணில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. அன்று முதல் மாகாண அதிகாரம் பற்றிய எல்லாப் பேச்சும் அந்த விளக்கத்துக்குள்தான் நடக்கிறது.

பிறகு ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. 1995இல் ‘பிராந்தியங்களின் ஒன்றியம்’ என்று தொடங்கிய முன்மொழிவு தேய்ந்து தேய்ந்து 2000 ஆகஸ்ட் 3 அன்று மசோதாவாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே பிரதிகளைக் கொளுத்தினார்கள். மூன்றில் இரண்டு இல்லை. மசோதா அதோடு முடிந்தது.

2016இல் தொடங்கிய முயற்சி இவற்றிலிருந்து உண்மையாகவே வேறுபட்டது என்று நினைக்கிறேன். மார்ச் 9 அன்று பாராளுமன்றம் முழுவதையும் அரசியலமைப்புச் சபையாக்கும் தீர்மானம் நிறைவேறியது. லால் விஜேநாயக்க தலைமையிலான 20 பேர் கொண்ட குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களின் கருத்தைக் கேட்டது. நாட்டின் இயல்பு பற்றித் தங்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை என்பதை மறைக்காமல் மாற்று யோசனைகளாகவே அறிக்கையில் வைத்தது. வழிநடத்தல் குழுவில் எல்லாக் கட்சிகளும் இருந்தன. எதிர்க்கட்சித் தலைவராக சம்பந்தன் இருந்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கடைசிவரை அறையை விட்டு வெளியேறவில்லை. அதற்காக வடக்கில் ஏச்சும் வாங்கியது. 1972இலும் 1978இலும் எண்ணிக்கை இருந்தது, இசைவு இல்லை. 2017இல் ஓரளவு இசைவு இருந்தது, எண்ணிக்கை கைநழுவிக்கொண்டிருந்தது.

கைநழுவியது எங்கே என்றால், வாக்கெடுப்பு என்ற வாசலில். சர்வஜன வாக்கெடுப்பு தேவைப்படும் எதையும் ஆதரிக்க மாட்டோம் என்று ஜனாதிபதியின் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நின்றது. அப்படியானால் ஒற்றையாட்சி உறுப்புரையைத் தொட முடியாது. ஒற்றையாட்சியைத் தொடாத வரைவை வடக்கு ஏற்காது. இந்த இரண்டு சுவர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டதுதான் ‘ஏக்கிய ராஜ்ய, ஒருமித்த நாடு’. இத்தனைக்கும், பிரியாத நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று அதே 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு சட்ட அறிக்கைகளோடு நின்றது. 2018 பிப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ராஜபக்ச தரப்பு வென்றது. அக்டோபரில் ஜனாதிபதி பிரதமரையே நீக்கினார். 2019 ஜனவரியில் நிபுணர் குழுவின் வரைவு சபைக்கு வந்தபோது அதைப் படிக்க யாரும் இல்லை.

இதற்கு வேறு வழிகளே இல்லையா? எண்ணும் முறையை மாற்றிப் பார்த்த நாடுகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைத்தால் போதாது, ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மை வேண்டும். கென்யாவில் 2005இல் ஒரு வரைவு வாக்கெடுப்பில் தோற்றது. 2010இல் மறுபடி கேட்டபோது, மொத்தத்தில் பாதிக்கு மேல் என்பதோடு எட்டு மாகாணங்களில் ஐந்திலாவது கால்வாசி வாக்குகள் என்ற நிபந்தனையும் இருந்தது. இப்படி எண்ணினால் வரைவை எழுதுகிறவர் ஒரு மாகாணத்தைக் கைவிட்டு இன்னொன்றில் வாக்கைக் குவிக்க முடியாது. தென்னாபிரிக்கா இன்னும் வேறு மாதிரிச் செய்தது. வெள்ளையர் அரசும் ஆபிரிக்க தேசிய காங்கிரசும் தேர்தலுக்கு முன்பே 34 கோட்பாடுகளில் உடன்பட்டன. தெரிவாகும் சபை எதை எழுதினாலும் அது அந்த 34க்கும் பொருந்துகிறது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சான்று தர வேண்டும். 1996 செப்டம்பரில் நீதிமன்றம் சான்று தர மறுத்தது. மண்டேலாவின் கட்சிக்கு இருந்த பெரும்பான்மையைப் பார்த்து அது தயங்கவில்லை. திருத்தி எழுதி, டிசம்பரில் சான்று வாங்கினார்கள்.

பக்கத்திலேயே எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது. நேபாளத்தில் 601 பேர் கொண்ட சபையில் 507 வாக்குகளோடு 2015 செப்டம்பரில் அரசியலமைப்பு வந்தது. எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் தெற்குச் சமவெளி மக்களான மதேசிகளின் கட்சிகள் வாக்கெடுப்பில் இல்லை. அந்தச் சமவெளி மாதக்கணக்கில் கொந்தளித்தது, எல்லை அடைபட்டது, ஏறத்தாழ நான்கு மாதங்களில் முதல் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இலங்கையில் எண்ணிக்கை இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. விகிதாசார முறை வந்தபின் ஒரே அணி தேர்தலிலேயே மூன்றில் இரண்டைத் தாண்டியது இதுவே முதல் தடவை, ஜே.ஆரின் பூட்டு ஒன்று உடைந்திருக்கிறது. 2015இல் தொடங்கிய பணியை முடித்துப் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவருவோம் என்று அவர்களின் விஞ்ஞாபனம் சொன்னது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு ஆசனங்களில் மூன்றும் அவர்களுக்கே கிடைத்தன. தெற்கை மையமாகக் கொண்ட ஒரு கட்சி அங்கே முதலிடம் பிடித்தது.

அந்த மூன்று ஆசனங்களை எப்படி வாசிப்பது என்பதில்தான் அடுத்த வரைவின் தலைவிதி இருக்கிறது. அவற்றை அரசியலமைப்புக்கான இசைவு என்று கொழும்பில் சிலர் ஏற்கனவே கணக்கு எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்து மேடைகளில் பேசப்பட்டது ஊழல், விலைவாசி, பழைய தலைவர்கள் மீதான சலிப்பு. ஒற்றையாட்சியா, ஒருமித்த நாடா என்று அங்கே எவரிடமும் எவரும் கேட்கவில்லை.